மார்கழியில் பூத்த மகிழ மரம்

தொடங்கும் செயல் எதற்கும் முன்னே வந்து நிற்கும் மூத்த பிள்ளையே, துணை நிற்பாயாக. வெயிலும் தானாகி, வெயிலுக்கு ஒதுங்கும் நிழலும் தானாகி, மரத்தினுள் நீராய் ஏறி இலை நுனியில் மூச்சாய் வெளிப்படும் பெருமானே, கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதும் மனத்தை இந்தக் கிழவனுக்கு அருள்வாயாக.

இன்று வைகாசி விசாகம். குமரன் தோன்றிய நாளென்று உலகம் கொண்டாடும் நன்னாள். கத்திரி கழிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது; எங்கள் வீட்டுச் சுவர் அதை இன்னும் அறியவில்லை. மயிலைக் கோயிலுக்குச் சென்று சந்நிதியில் ஒரு பதிகமாவது பாடிவிட்டு வந்திருக்க வேண்டிய நாள் இது. போக இயலவில்லை. பாட நினைத்திருந்த நேரத்தில் இதை எழுத அமர்ந்தேன்.

நானும் என் மனைவியும் ராஜா அண்ணாமலைபுரத்தில், பழைய அடுக்குக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில் வசிக்கிறோம். கட்டிய காலத்தில் குடிவந்த எல்லோருக்கும் படியேறும் வயது. லிஃப்ட்டைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், பூசைக்குச் சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த என் மனைவியின் வலப்புறத்தைப் பக்கவாதம் எடுத்துக்கொண்டது. நால்வர் அவளை நாற்காலியில் அமர்த்திக் கீழே இறக்கினார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது அவ்விதமே ஏற்றினார்கள். அதன் பிறகு அவள் படியிறங்கவில்லை. பேச்சு பாதிதான் திரும்பியது. கேலி முழுவதும் திரும்பிவிட்டது.

அவளுடைய கட்டில் மேற்கு அறையில் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டில் நுழையக்கூடிய அறை அது ஒன்றுதான். பிற்பகல் வெயில் நேராக வந்து விழும் திசை. ஏசி போடலாமே என்று கேட்காத உறவினர் இல்லை. அந்தக் குளிர் பட்டால் அவளுடைய வலக்கை விறைத்து உள்ளே மடங்கிக்கொள்ளும்; விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதற்குள் அவள் கண்கள் நிறைந்துவிடும். ஆகவே எங்களுக்கு வாய்த்தவை ஒரு மின்விசிறியும் ஒரு மரமும். கட்டடத்தின் மூலையில் நின்ற மகிழ மரம் எங்கள் ஜன்னலுக்கு முன்னே நீட்டியிருந்த மேற்குக் கிளைதான் அந்த அறையை ஒருவர் படுத்திருக்கக்கூடிய இடமாக வைத்திருந்தது.

மகிழம் மலைக்காட்டு மரம். கோயில்களிலும் தெருக்களிலும் பார்த்துப் பழகியதால் நாம் அதை நகரத்து மரம் என்று எண்ணிக்கொள்கிறோம். மெதுவாக வளரும், இலையுதிர்த்து மொட்டையாய் நிற்கும் வழக்கம் அதற்கு இல்லை. தரையில் விழுந்த மலரை இறைவனுக்குச் சூட்டலாகாது என்பது முறை. மகிழம்பூவுக்கும் பவழமல்லிக்கும் மட்டும் அந்த விலக்கு இல்லை. மகிழம்பூவின் நடுவே இயல்பாகவே ஒரு துளை இருப்பதால் நாரில் அப்படியே கோத்துவிடலாம். நோய் வருவதற்கு முன், கோடைக் காலைகளில் என் மனைவி முந்தானையை விரித்துக்கொண்டு முற்றத்தில் பூப்பொறுக்குவாள். முற்றம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். கார்கள் நிற்பதற்காக அது சிமெண்டு பூசப்பட்டு வெகுகாலம் ஆயிற்று. மரத்தடியில் ஒரு வட்டம் மட்டும் மண்ணாக இருந்தது.

பகலில் அவளைக் கவனித்துக்கொள்ளப் பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வருகிறார். மீனவக் குடும்பம்; கழுத்தில் சிலுவை; ஓயாத வாய். அவர் வந்தால்தான் அந்த அறைக்குள் வெளியுலகம் வரும்.

"இன்னாம்மா, எந்நேரமும் அந்த மரத்தையே பாத்துகினு கீற? அது இன்னா உன் மாமியாரா, கண்ண எடுத்தா கோச்சிக்க?"

"மாமியார் இப்படி நிழல் குடுத்ததில்ல," என்பாள் என் மனைவி.

சென்ற கார்த்திகையில் பெங்களூரிலிருந்து எங்கள் மகள் தொலைபேசியில் பேசினாள். "அப்பா, போன வெயில்ல அம்மா பட்டது போதும். குளிர் இருக்கும்போதே ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வந்துடுங்க. வெயில் ஆரம்பிச்சுட்டா டாக்டர் அசைக்க விடமாட்டார்."

மனைவியிடம் கேட்டேன். "எனக்கு இந்த மரம் போதும். இது இருக்கிற வரைக்கும் நான் எங்கயும் வரல," என்றாள். மகள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மார்கழி பிறக்கட்டும், பெருமானிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று மகளுக்கு விடை கூறினேன். எதையும் அவனிடம் கேளாமல் முடிவு செய்து எனக்குப் பழக்கமில்லை.

அந்த ஆண்டு ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. கார்த்திகைக் கடைசியில் ஒரு புயல் வந்து, மாதக்கணக்கில் பெய்ய வேண்டியதை ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போயிற்று. தெருவில் முழங்காலளவு நின்ற நீர் கடலுக்கு ஓடி மறைந்தது. அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. மார்கழி பிறந்தும் பனி இறங்கவில்லை. விடியற்காலையிலும் போர்வை வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒரு விடியலில் பால் எடுக்கக் கீழே சென்றவன், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். சிமெண்டுத் தரை தெரியவில்லை. கார்களின் மேல், சுவரின் மேல், குழாயடியில், எங்கும் மகிழம்பூ. கோடையில்கூட அந்த மரம் அவ்வளவு பூத்ததில்லை. காற்றே கனத்துப்போகும் மணம். என்னையறியாமல் கைகூப்பிப் பாடத் தொடங்கினேன். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்து, எல்லோரும் இறங்கிவந்து நின்றார்கள்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கீழ்த்தளத்தில் வசிக்கிறார். தலைமுறை தலைமுறையாக மயிலாப்பூர்க்காரர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"சார், இது சாதாரண விஷயம் இல்லே. மார்கழியில மகிழம் இப்படிப் பூக்கறதுன்னா, பகவானே நம்மாத்து வாசலுக்கு வந்துண்டிருக்கார்னு அர்த்தம்."

நான் மறுக்கவில்லை. மறுக்கத் தோன்றவும் இல்லை. கூடை நிறையப் பூவை மாடிக்குக் கொண்டுவந்தேன். உதவிக்கு வரும் பெண்மணி நாரைப் பிடித்துக்கொள்ள, என் மனைவி இடக்கையால் ஒவ்வொரு பூவாக அதில் நுழைத்தாள். அன்று அவள் முகத்தில் இருந்ததை நான் எப்படிச் சொல்வேன்! மகளை அழைத்து, "கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, நாங்கள் வரவில்லை," என்றேன். "சரிப்பா," என்று மட்டும் சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

தை மாதத்தில் சங்கம் கூடியது. இவ்வளவு அருள் பொழிந்த மரத்துக்கு நன்றி செலுத்த வேண்டுமென்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். எஞ்சியிருந்த மண்வட்டத்தைச் சுற்றிக் கால்வாய் போலத் தோண்டி, அதில் குறுக்கிட்ட வேர்களை அறுத்து எடுத்து, கருங்கல் பதித்து, அடிமரத்தை ஒட்டி வழுவழுப்பான மேடை எழுப்பினார்கள். மேடையில் ஒரு சிறு பிள்ளையார். நல்ல நாள் பார்த்துச் சிவாச்சாரியார் வந்து பிரதிட்டை செய்தார். அன்று பண்ணோடு பாடியவன் நான். அன்றாடம் மரத்தடியைப் பெருக்கி, ஒரு சருகுகூட இல்லாமல் துடைத்து, கோலமிட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி ஏற்கெனவே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை இருந்தது. அது மரத்துக்கு யாரோ அணிவித்த ஒட்டியாணம் என்று நினைத்து, அதற்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள்.

அந்தப் பட்டை எங்களுக்கு மேல்மாடியில் தாயாருடன் வாடகைக்கு இருக்கும் ஓர் இஸ்லாமியப் பெண்ணுடையது. மலைக்காடுகளில் மரங்கள் எவ்வளவு பருக்கின்றன என்று அளப்பது அவருடைய வேலை. மாதத்தில் பாதி நாள் மலையில் இருப்பார். வந்து தங்கும் நாட்களில் பார்த்துக்கொள்ளலாமென்று எங்கள் மகிழத்துக்கும் ஒன்றைக் கட்டியிருந்தார். மேடை எழுந்தபோது அவர் ஊரில் இல்லை.

மாசிக் கடைசியில் இலை உதிரத் தொடங்கிற்று. முதலில் பழுத்து விழுந்தன. பிறகு பச்சையாகவே விழுந்தன. நடுவில் ஒருநாள் பருவம் தப்பிய தூறல் வந்து, கிளைநுனிகளில் செம்பழுப்பான தளிர்கள் எழுந்தன. நான் மகிழ்ந்தேன். பங்குனி பாதியாவதற்குள் வந்த வெயில் அந்தத் தளிர்களை அப்பளம் போலச் சுருட்டியது. சித்திரை பிறந்தபோது மேற்குக் கிளையில் குச்சிகளே எஞ்சின.

வெயில் அறைக்குள் வந்தது. பிற்பகலில் ஜன்னல் வழியாக நுழைந்து, தரையில் ஊர்ந்து, கட்டிலின் காலைத் தொட்டு, அவளுடைய பாதத்தின் மேல் ஏறி, மார்பு வரைக்கும் படர்ந்துவிட்டுத்தான் அடங்கும். கட்டிலை நகர்த்தினோம், அறை அவ்வளவுதான், மறுபுறம் சுவர். இரவில் அந்தச் சுவர் வெப்பத்தைத் திருப்பித் தந்தது. முதுகில் புண் வராமல் இருக்க அவளைப் புரட்டிவிட வேண்டும்; புரட்டும் கை வழுக்கும் அளவுக்கு வேர்வை.

"ஜன்னல சாத்துனா புழுங்குது, தொறந்தா எரியுது. இன்னாதான் பண்ண சொல்ற ஐயா?" என்றார் அந்தப் பெண்மணி. "பாட்டு பாடினா மட்டும் வெயிலு எறங்கிடுமா?"

"அவர் பாடட்டும். அந்த நேரமாவது எனக்குத் தூக்கம் வருது," என்றாள் என் மனைவி.

மருத்துவரை அழைத்துப் பெங்களூருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். இந்த வெயிலில், இந்த உடல் நிலையில், அவ்வளவு தூரம் வேண்டாம் என்றார். தை மாதத்திலேயே அழைத்துப்போயிருக்கலாமே என்றும் சொன்னார். மகள் சொல்லாமல் விட்டதை அவர் சொல்லிவிட்டார். இருக்கவும் முடியாமல், போகவும் முடியாமல், நாங்கள் இருவரும் அந்த அறைக்குள் அகப்பட்டுக்கொண்டோம்.

ஒருநாள் மாலை, மேடையருகே நின்று வெறுங்கிளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேல்மாடிப் பெண் தோளில் பையுடன் வாயிலில் நுழைந்தார்.

"இந்தச் சூட்டுல ஏன் அங்கிள் வெளிய நிக்கறீங்க? ஆன்ட்டி எப்படி இருக்காங்க?"

"மரம் எப்படியோ அப்படித்தான். மகிழம் இலை உதிர்க்காத மரமாயிற்றேம்மா. இதற்கு என்ன ஆயிற்று?"

அவர் பையை இறக்கி வைத்தார். மாடிப்படியில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்கல்ல?"

"சொல்லும்மா."

"மார்கழியில பூத்தப்பவே அது நல்லா இல்ல அங்கிள். காலம் தப்பிப் பூக்கிற எல்லா மரமும் அப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா மலையில நானே பார்த்திருக்கேன். பிழைப்போமா மாட்டோமான்னு ஆன மரம், சில சமயம் கையில இருக்கிற எல்லாத்தையும் பூவாக்கிடும். போறதுக்கு முன்னாடி நாலு விதையாவது விழட்டும்னு."

"நாங்கள் அதைக் கும்பிட்டோமே," என்றேன்.

"கும்பிட்டீங்க. அப்புறம் வேரை அறுத்து, மேல கல்லைப் போட்டு மூடிட்டீங்க."

"ஏனம்மா அப்போதே சொல்லவில்லை?"

"நான் மலையிலேருந்து திரும்பினப்போ பிள்ளையார் வந்து உக்காந்துட்டார். பிள்ளையார் மேடையை எடுங்கன்னு எங்க வீட்டுலேருந்து ஒரு குரல் வந்தா அது என்னவா ஆகும்? நீங்களே யோசிங்க. எங்க அம்மா வயசானவங்க. வாடகை வீடு. தினமும் பால்கனியிலேருந்து பார்த்துட்டு உள்ள போயிடுவேன்."

எங்கள் வீட்டுக்கு நேர்மேலே, எங்களைப் போலவே ஒருவர் வாய் கட்டுண்டு இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்று அவர் காட்டைப் பற்றிச் சொன்னவற்றை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மரம் பகலில் சற்றே சுருங்கி இரவில் விம்முமாம். அவருடைய பட்டை அதைக் காட்டுமாம். வெயில் மிகுந்து காற்று வறண்டால், உள்ளிருக்கும் நீரைக் காக்க, இலையிலுள்ள நுண்துளைகளை மரம் மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டால் நீர் போகாது; ஆனால் மரத்துக்கு உணவாகும் காற்றும் உள்ளே வராது. வளர்ச்சி நின்றுவிடும். "காத்துல கரியமில வாயு கூடிட்டதால மரமெல்லாம் கொழுத்து வளரும்னு சொல்றாங்கல்ல? சில இடத்துல வளருது. ஆனா இந்த மாதிரி சூட்டுல, இலையில சாப்பாடு இருக்கு, வாயைத் திறக்க முடியல," என்றார். இரவும் புழுங்கினால், பகலில் சேர்த்ததை மரம் இரவில் தானே மூச்சுவிட்டுச் செலவழித்துவிடும் என்றும் சொன்னார்.

"மலையில இருக்கிற மரத்துக்காவது கொஞ்சம் வழி இருக்கு. அது நகராது, ஆனா அதோட விதை நகரும். கீழ சூடானா, குட்டிச் செடியெல்லாம் கொஞ்சம் மேல, குளிர்ச்சியா இருக்கிற இடத்துல முளைக்குது."

"உச்சியில் இருக்கிற மரம்?"

"அதுக்கு மேல வானம்தான் அங்கிள்."

பிறவியென்னும் கூட்டுக்குள் அடைபட்டேன், என்னை விடுவி என்று இறைவனை வேண்டும் பாடல்களை நான் சிறுவயது முதல் பாடிவருகிறேன். பொருள் தெரிந்து பாடுவதாகவே எண்ணியிருந்தேன். சுற்றிலும் சுவர், கீழே கல், மேலே வெப்பம் ஊதும் ஏசிப் பெட்டிகள், நகரக் கால் இல்லை, மூச்சுவிட வாயும் இல்லை என்று ஓர் உயிர் நிற்பதை என் ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, அதன் திணறலை அருளென்று பாடியிருக்கிறேன்.

"மேடையை எடுத்தால் பிழைக்குமா?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது. எடுக்கலேன்னா பிழைக்காது. அதுமட்டும் சொல்லலாம்."

மறுநாள் செயலாளரைப் பார்த்தேன். யார் சொன்னது என்று அவர் கேட்பதற்கு முன்பே, இது என்னுடைய கோரிக்கை என்று சொல்லிவிட்டேன்.

"இடிக்கறதா? சார், நீங்களா பேசறேள்? நீங்க பாடித்தானே பிரதிஷ்டை ஆச்சு! நாளைக்கு யாராத்துலயாவது ஒண்ணு ஆச்சுன்னா எல்லாரும் பழியை என் தலையிலன்னா போடுவா!"

"ஆயிற்றே, எங்கள் வீட்டில் ஆகிக்கொண்டிருக்கிறதே," என்றேன். "மேலே வந்து பாருங்கள்."

வந்தார். வெயில் அப்போது அவளுடைய இடுப்பு வரை ஏறியிருந்தது. நின்றுகொண்டே ஏதோ நலம் விசாரித்தார். வேர்வை அவருடைய விபூதியைக் கரைத்து மூக்கில் வடிந்தது.

"உக்காருங்க," என்றாள் என் மனைவி. "உங்க வீட்டு ஏசி வெளிய தள்ற சூட்டுக் காத்துதான். எல்லாருக்கும் பொது."

அவர் உட்காரவில்லை. ஆனால் படியிறங்கும்போது, "சாஸ்திரத்துல ஏதாவது வழி இருக்கான்னு பாருங்கோ," என்று மெல்லச் சொன்னார்.

வழி இருந்தது. கோயிலில் திருப்பணி நடக்கும்போது மூலவரை இடம் பெயர்க்க வேண்டிவந்தால், பாலாலயம் என்று ஒன்று செய்வார்கள். மந்திரத்தால் இறைவனின் சக்தியைக் குடத்து நீரில் இறக்கி, அதிலிருந்து அத்திமரப் பலகையில் தீட்டிய உருவத்துக்கு மாற்றி, வேறோர் இடத்தில் இளங்கோயிலாக வைத்துப் பூசை செய்வார்கள். திருப்பணி முடியும் வரை கருங்கல் வெறும் கல். அப்போது மேடையை எடுத்தால் குற்றமில்லை. சிவாச்சாரியாரும் ஒப்புக்கொண்டார். சிக்கல் வேறிடத்தில் வந்தது. பலகையை எந்த வீட்டில் வைப்பது? நாள்தோறும் பூசை தவறக்கூடாது, வெளியூர் போகக்கூடாது, வீட்டில் தீட்டு வரக்கூடாது. அருள் பொழிந்த நாளில் முற்றத்துக்கு ஓடிவந்த கால்கள் இப்போது பின்வாங்கின. தப்பேதும் இல்லை, எல்லோருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் வைக்கலாம் என்றேன். வெளியூர் போக முடியாத வீடு இதைவிட எங்கே கிடைக்கும்? பூசை அலமாரி மேற்கு அறையில்தான் இருந்தது. சிவாச்சாரியார் வாசற்படியில் நின்று கட்டிலைப் பார்த்துத் தயங்கினார். நோயாளி படுத்திருக்கும் அறை. உடலுக்குரிய எல்லாம் அங்கேயே நடக்கும் அறை.

"ஏன், அவர் மட்டும் நடந்து போயிடுவாரா?" என்றாள் என் மனைவி. "நானும் உக்காந்த இடம், அவரும் உக்காந்த இடம். ஒருத்தருக்கொருத்தர் துணை."

சிவாச்சாரியார் சிரித்துவிட்டார். "மாமி சொல்றது சரிதான். பக்கத்துல ஒரு திரை மட்டும் போட்டுக்கோங்கோ," என்று சொல்லி உள்ளே வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் பாலாலயம் முடிந்தது. மறுநாள் கொத்தனார்கள் வந்து மேடையைப் பெயர்த்தார்கள். மேல்மாடிப் பெண் கீழே நின்று, எந்த வேரிலும் கடப்பாரை படாமல் பார்த்துக்கொண்டார். அவருடைய தாயார் எல்லோருக்கும் மோர் கொடுத்தனுப்பினார். செயலாளர் தம் காரைத் தெருவில் நிறுத்திக்கொள்வதாகச் சொல்லி, அது நின்ற இடத்துச் சிமெண்டையும் உடைக்கச் சொன்னார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. திறந்த மண்ணில் சருகைப் பரப்பினோம். காட்டில் சருகுதான் மரத்துக்குப் போர்வை என்று அந்தப் பெண் சொன்ன பிறகு, அதைப் பெருக்கியவர்களே கூடையில் கொண்டுவந்து கொட்டினார்கள். குடிநீர் இயந்திரம் வடிகட்டிக் கழித்த உப்புநீரை ஊற்ற வேண்டாம் என்றதால், ஒவ்வொரு வீடும் அரிசி கழுவிய நீரை எடுத்துவந்தது.

பிறகு கத்திரி வந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தோம். அறை சற்றுத் தணிந்தது, ஆனால் இருண்டது. தட்டியை இறக்கினால் அவளுக்கு மரம் தெரியாது, ஏற்றினால் அனல். மின்சாரம் நிற்கும் பொழுதுகளில், பலகையிலிருந்த பிள்ளையாருக்கும் அவளுக்கும் இடையே நின்று, ஓலை விசிறியை இருபுறமும் வீசுவேன். "அவருக்கு யானைக் காது இருக்கு, தானே வீசிப்பாரு. இந்தப் பக்கம் வீசுங்க," என்பாள். சில பிற்பகல்களில் அதைச் சொல்லவும் அவளுக்குச் சக்தி இருக்காது. அப்போது நான் பாடுவதையும் நிறுத்திவிடுவேன். அவளுடைய மூச்சின் ஓசை கேட்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

கத்திரி முடிந்த மறுநாள், மேல்மாடிப் பெண் மரத்தைச் சுற்றிவந்து பார்த்தார். வேர் அதிகம் அறுபடாத கிழக்குப் பக்கத்துக் கிளைகளில் சின்னச் சின்ன இலைகள் வந்திருந்தன. எஃகுப் பட்டை நகரவில்லை, ஆனால் மரம் மேலும் சுருங்கவும் இல்லை. "இதுக்கு மேல நான் எதுவும் சொல்ல மாட்டேன்," என்றார். மேடைக்காகப் பெரிய வேர்களை அறுத்தது மேற்குப் பக்கத்தில். நகத்தால் கீறிப் பார்த்தார். எங்கள் ஜன்னல் பக்கத்துக் கிளையில் மரப்பட்டைக்கடியில் பச்சை இல்லை. அதில் துளைப்பூச்சி ஏறியிருந்தது. விட்டுவைத்தால் மற்றக் கிளைகளுக்கும் இறங்கும். அதை வெட்ட வேண்டும். மகிழம் மெதுவாக வளரும் மரம். அந்த இடத்தில் இன்னொரு கிளை நிழல் தருமளவு நீளும்போது, இந்த அறையில் நாங்கள் இருக்க மாட்டோம். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டியை ஏற்றச் சொன்னாள். அந்தக் கிளையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டச் சொல்லுங்க," என்றாள். "அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்களுக்காவது நிழல் இருக்கட்டும்."

சிறிது நேரம் கழித்து, "அவகிட்டப் பேசணும், போனைக் குடுங்க," என்றாள். மகளிடம் அவளே பேசினாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, "குளிர் வரட்டும். வரேன். நாலு பேரைக் கூட்டிட்டு வா, நான் இப்போ இளைச்சுட்டேன், தூக்கச் சுலபம்," என்றாள். பெருமானிடம் கேட்க வேண்டாமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதாகச் சொல்லவில்லை.

நேற்றுக் காலை கிளையை வெட்டினார்கள். கயிறு கட்டி மெல்ல இறக்கினார்கள். சுவரில் உரசாமல் இறங்கிற்று. ரம்பம் நின்றதும், பட்டினப்பாக்கத்துப் பெண்மணி, "போச்சும்மா, ஜன்னல் பூரா வானமா கீது," என்றார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

குளிர் வர இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன. அதுவரை இந்த அறையில்தான் இருப்போம்; காலையில் தட்டியை ஏற்றுவோம், பிற்பகலில் இறக்குவோம். போகும் முன் பிள்ளையாரை மரத்திலிருந்து தள்ளி, சுற்றுச்சுவர் ஓரமாக அமர்த்த வேண்டும். அதற்கு நல்ல நாள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மரத்தை மேல்மாடிப் பெண்ணிடமும் செயலாளரிடமும் விட்டுச் செல்வேன். நான் பாடும் பாடல்கள் மாறவில்லை. அவற்றில் விடுதலை கேட்கும் இடம் வரும்போது மட்டும், இப்போதெல்லாம் எனக்காக மட்டும் கேட்க வாய் வருவதில்லை.

இதைப் படிக்கும் அன்பர் யாவரும் நலமுற வாழ்க. உங்கள் வீட்டில் படுத்திருப்போர் எழுந்து நடக்கட்டும்; எழ இயலாதோர்க்கு ஒரு கிளை நிழலாவது வாய்க்கட்டும். உங்கள் வாசலில் நிற்கும் மரம் பருவத்தில் தளிர்த்துப் பருவத்தில் பூக்கட்டும். மலையில் நிற்பவை மேலேறக் குளிர்ந்த இடம் காணட்டும். காலத்தே மழை பெய்யட்டும். எல்லா உயிரும் தடையின்றி மூச்சு விடட்டும். எம்பெருமான் திருவருள் உங்கள் அனைவர்க்கும் உரியதாகுக.